மருந்தை வென்ற கொசு: தில்லி கண்ட ஒரு கணக்கு

தில்லியில் வாழும் நம் தமிழ் மக்கள் அடிக்கடி கடந்து செல்லும் மூன்று இடங்களை முதலில் நினைவுக்குக் கொண்டு வருவோம். வடக்கே, சிவில் லைன்ஸை ஒட்டிய சாம்நாத் மார்க்கில் தேசிய நோய்த்தடுப்பு மையம் இருக்கிறது. கசௌலி மலையில் பிறந்து, 1927-இல் மலேரியா ஆய்வுத்துறையாகி, 1938-இல் இந்திய மலேரியா நிலையம் என்று பெயர் பெற்று, பின்னர்த் தில்லியில் நிலைகொண்ட நிறுவனமே இன்று இப்பெயரில் விளங்குகிறது. மேற்கே நஜஃப்கட் சாலையில் 1955 முதல் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்தை வடித்துத் தந்த அரசாங்க ஆலை ஒன்று இருந்தது. கரோல்பாக்கை அடுத்துப் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பரந்து கிடக்கிறது. நோயை ஆராய்ந்த இடம், மருந்தைச் செய்த இடம், பயிரைக் காத்த இடம் ஆகிய இம்மூன்றின் வரலாறுகளையும் சேர்த்து நோக்கினால், நம் நூற்றாண்டின் அரிய பாடம் ஒன்று வெளிப்படும். மருந்தின் வலிமை மருந்தில் மட்டும் இல்லை. பூச்சி அதற்கு ஆட்படும் தன்மையிலும் இருக்கிறது. அத்தன்மை செலவிடச் செலவிடத் தீர்ந்து போவது. இதனைக் கணிதம் முன்கூட்டியே சொல்லிற்று. பொருளாதாரம் பின்னர் விலை மதித்தது.

நாடு விடுதலை பெற்ற 1947-இல், ஆண்டுதோறும் 7½ கோடி மக்கள் மலேரியாவால் பீடிக்கப்படுவதாகவும், 8 இலட்சம் பேர் மாள்வதாகவும் மதிப்பிட்டனர். முறை வைத்து வந்த இந்தக் குளிர்காய்ச்சல் வடநாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம்மிற் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த தஞ்சை மாவட்டமே அதற்குச் சான்று. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பகுதிக்குக் காவிரி நீர் பாய்ந்தது. வறண்ட நிலம் நஞ்சையாயிற்று; கால்வாய் வெட்ட மண் எடுத்த பள்ளங்களில் நீர் தேங்கிற்று; அந்நீரில் அனோபிலிஸ் கொசு பெருகிற்று; நெல்லோடு காய்ச்சலும் விளைந்தது. ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் சார்பில் அங்கு வந்து உழைத்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர், வீடுகளுக்குள் தங்கும் கொசுக்களைப் பைரித்ரம் என்னும் பூமருந்தைத் தெளித்துக் கொல்லும் முறையைச் சென்னை மாகாணச் சிற்றூர்களிற் சோதித்துப் பார்த்தார். மேனன் என்பாருடன் சேர்ந்து 1942-இல் தென்னிந்தியக் கிராமங்களின் மலேரியாவையும் அவற்றின் பொருளாதார நிலையையும் இணைத்து ஆராய்ந்து எழுதினார். காய்ச்சலால் படுத்த உழவன் இழந்த கூலியையும் நோயின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது வழிகாட்டிற்று. இந்த ரஸ்ஸலை நாம் மறுபடியும் சந்திப்போம்.

கொசுவைக் கணக்கில் அடக்க முதலில் முயன்றவர் ரொனால்ட் ராஸ். அல்மோராவிற் பிறந்து, இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து, சென்னை மாகாணத்திலும் வேலை பார்த்தவர். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும் தம் கண்டுபிடிப்பினும் பெரியதாக அவர் கருதியது தம் கணிதத்தையே. 'ஒரு கொசுவும் எஞ்சாமல் கொன்றாலன்றி மலேரியா ஒழியாது' என்று அக்காலத்து அறிஞர் பலர் எண்ணினர். ராஸ் இதை மறுத்தார். மனிதரின் தொகை, கொசுவின் தொகை, கடிக்கும் வீதம், பிழைக்கும் வீதம் ஆகியவற்றைச் சமன்பாடுகளில் அமைத்து, கொசுவின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினாற் போதும், நோய் தானே தேய்ந்து மறையும் என்று காட்டினார். எண்களால் இயற்கையின் நடப்பை வரைந்து காட்டும் இத்தகைய சித்திரத்தையே கணித மாதிரி என்கிறோம்.

இந்தியாவிலும் பணியாற்றிய ஜார்ஜ் மக்டொனால்ட் 1950-களில் இம்மாதிரியை மேலும் செப்பஞ் செய்தார். அவர் கண்ட உண்மை எளியது, ஆனால் ஆழமானது. கொசுவின் உடலிற் புகுந்த கிருமி முதிர்ந்து, மறு மனிதனுக்குத் தொற்றும் நிலை எய்தச் சுமார் 10 நாளாவது வேண்டும். நாள்தோறும் 100-க்கு 90 கொசு பிழைக்குமானால், 10 நாளைக்குப் பிறகும் 35 கொசு உயிரோடிருக்கும். நாள்தோறும் 60 மட்டுமே பிழைக்குமாறு செய்தால், 10 நாளில் 1000-க்கு 6 தான் மிஞ்சும். அதாவது, கொசுவை அடியோடு அழிக்க வேண்டுவதில்லை. அதன் ஆயுளைச் சற்றுக் குறுக்கினாற் போதும். இரத்தங் குடித்த கொசு வந்து அமரும் சுவரில் மருந்தைப் பூசுவதன் சூட்சுமம் இதுவே.

இந்தக் கணக்கின் இயல்பு, அக்காலத்தில் பௌதிக விஞ்ஞானத்தைப் புரட்டிப் போட்ட குவாண்டம் கொள்கையின் கணக்கோடு உறவுடையது. ரேடியம் அணு ஒன்றை நம் கையிற் கொடுத்தால், அது இன்று சிதையுமா, ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையுமா என்று எந்த மேதையாலும் சொல்ல முடியாது. ஆனால் கோடானுகோடி ரேடியம் அணுக்களில் பாதி சுமார் 1600 ஆண்டுகளிற் சிதையும் என்று தயங்காமற் சொல்லலாம். தனியொன்றின் விதி தெரியாது; கூட்டத்தின் விதி தெரியும். கொசுவும் அவ்வாறே. இன்றிரவு எந்தக் கொசு சாகும் என்று அறியோம். நூற்றுக்கு எத்தனை சாகும் என்று அறிவோம்.

இவ்வுறவு வெறும் உவமையன்று. விண்ணிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று காற்று மண்டலத்தில் மோதி, ஒன்று பலவாய்ப் பெருகிப் பொழிவதை, குவாண்டம் கொள்கை தந்த நிகழ்தகவுகளைக் கொண்டு 1937-இல் ஹோமி பாபாவும் ஹைட்லரும் விளக்கினர். அப்பொழிவில் துகள்களின் தொகை எவ்வாறு ஏறி இறங்கும் என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த அல்லாடி ராமகிருஷ்ணன் 1950-இல் புதிய கணித முறை ஒன்றை அளித்தார். 1962-இல் சென்னையில் கணித விஞ்ஞான நிலையத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. ஏறக்குறைய அதே காலத்தில், இங்கிலாந்தில் கெண்டல் என்பவர் உயிரினங்களின் பிறப்பு இறப்புப் பெருக்கத்துக்கு அதனையொத்த கணிதத்தை வகுத்துக் கொண்டிருந்தார். துகள் ஒன்று பலவாவதும், கொசு ஒன்று பலவாவதும் கணிதத்தின் கண்ணுக்கு நெருங்கிய உறவினவே.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ரேடியத்தின் அரையாயுள் நாம் அளந்தாலும் மாறாது, அளக்காவிட்டாலும் மாறாது. கொசுவின் கணக்கில் 'நூற்றுக்கு எத்தனை சாகும்' என்ற எண்ணோ, மருந்து தெளிக்கத் தெளிக்க மாறிவிடுகிறது. மாறிலி என்று எண்ணிச் சமன்பாட்டில் எழுதி வைத்த எண் நம் செயலாலேயே மாறுகிறது. இந்த வேற்றுமையைக் கவனிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு, அடுத்து வந்த இருபது ஆண்டுகள் சான்றாகின்றன.

டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939-இல் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுவரில் ஒருமுறை தெளித்தால் பல மாதம் வலிமை குன்றாது, விலையும் மலிவு. 1953-இல் இந்திய அரசாங்கம் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. மறு ஆண்டே இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனி அமைந்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் இயந்திரங்களை உதவ, 1955-இல் தில்லி ஆலையில் உற்பத்தி தொடங்கிற்று. முதுகில் மருந்துக் குடமும் கையில் குழாயுமாகத் தெளிப்போர் ஊர் ஊராகச் சென்றனர். ஐந்தே ஆண்டில் நோயாளிகளின் தொகை 7½ கோடியிலிருந்து 20 இலட்சமாக வீழ்ந்தது. 1958-இல் திட்டத்தின் பெயரிலிருந்த 'கட்டுப்பாடு' என்ற சொல் நீங்கி, 'ஒழிப்பு' என்ற சொல் ஏறிற்று. 1965-இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் சுமார் 1 இலட்சம். மலேரியாவால் ஓர் இறப்பும் பதிவாகவில்லை. உலகச் சுகாதார வரலாற்றில் இத்தகைய வெற்றிகள் மிகச் சிலவே.

இவ்வெற்றியின் நடுவிலேயே எச்சரிக்கை எழுந்துவிட்டது. 1946, 1947-ஆம் ஆண்டுகளிலேயே சுவீடனிலும் இத்தாலியிலும் வீட்டு ஈக்கள் டி.டி.டி.க்கு அஞ்சாமல் பறந்தன. 1951-இல் கிரீஸில் மலேரியாக் கொசு ஒன்றே மருந்தை மீறிற்று. 1952-இல் இந்திய மலேரியா நிலையத்தின் ஆய்வாளர்கள் ஈயிலும் கொசுவிலும் எதிர்ப்பு வளர்வதைப் பற்றி எழுதினர். எனவே 1955-இல் மெக்சிகோ நகரிற் கூடிய உலகச் சுகாதார மாநாட்டில் காலத்தோடு போட்டியிடும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. எதிர்ப்புப் பரவுமுன் சில ஆண்டுகளுக்கு எங்கும் ஒரே வீச்சில் மருந்து தெளிப்பது. நோயின் சங்கிலி அறுந்ததும் தெளிப்பை நிறுத்திவிட்டுக் கண்காணிப்பது. இவ்வாதத்தை வலியுறுத்திய முன்னணியினருள் நம் பட்டுக்கோட்டையில் உழைத்த ரஸ்ஸலும் ஒருவர். இதில் மருத்துவத்தோடு பொருளாதாரமும் இருந்தது. சிறிது சிறிதாக என்றென்றும் செலவு செய்வதைவிட, மருந்து பலிக்கும் காலத்திலேயே பெருந்தொகையைச் செலவிட்டுக் கடனை ஒரேயடியாகத் தீர்ப்பது மலிவு என்பதே அக்கணக்கு.

எதிர்ப்பு எவ்வளவு காலத்தில் பரவும்? இதற்கும் கணிதம் உண்டு. இங்கிலாந்தை விட்டு 1957-இல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஹால்டேன், 1924 முதல் எழுதிய கட்டுரைகளில் இயற்கைத் தேர்வை எண்களாக்கிக் காட்டினார். அவர் வழியில் எளிய கணக்கொன்று போடுவோம். இலட்சம் கொசுக்களில் ஒன்றே ஒன்று, பிறவியிலேயே மருந்தைச் செரிக்கும் தன்மையோ, மருந்து பற்றாத நரம்போ உடையது என்க. ஒவ்வொரு தலைமுறையிலும் மருந்து மற்றவற்றிற் பாதியைக் கொல்கிறது, இதனைக் கொல்வதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை இதன் விகிதம் இரட்டிக்கும். பத்துத் தலைமுறை சென்றும், எதிர்ப்புடையவை நூற்றுக்கு ஒன்றாகவே இருக்கும். எந்த அதிகாரியும் குறை காண மாட்டார். மருந்து அருமையாய் வேலை செய்கிறது என்றே அறிக்கை எழுதுவார். அடுத்த ஏழே தலைமுறையில் அவை பாதிக்கு மேல் ஆகிவிடும். வெப்பமான பருவத்தில் கொசுவின் தலைமுறைக்குச் சில வாரங்களே போதும். மெய்யான கொசுவின் பாரம்பரியம் இவ்வளவு எளிதன்று. எனினும் நெடுநாள் கண்ணுக்குத் தெரியாமற் பெருகிச் சட்டென்று வெளிப்படுவது எதிர்ப்பின் இயல்பு.

நிகழ்ந்ததும் அதுவே. நாட்டுப்புற மலேரியாவைப் பெரும்பாலும் பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற கொசு டி.டி.டி.யைத் தாங்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தி 1959-இல் பஞ்சமகால் மாவட்டத்திலிருந்து வந்தது. அம்மாவட்டம் அன்று பம்பாய் இராச்சியத்திலும் பின்னர்க் குஜராத்திலும் அடங்கியது. பிற பகுதிகளிலும் எதிர்ப்புப் பரவிற்று. மாற்று மருந்தாக மாலத்தியான் வந்தது. 1973-இல் அதற்கும் எதிர்ப்புத் தோன்றிற்று. 1976-இல் மலேரியா நோயாளிகள் 64 இலட்சத்தைத் தாண்டினர். பழியனைத்தையும் கொசுவின் எதிர்ப்பின்மீதே சுமத்துவது நியாயமன்று. மருந்து வேண்டிய அளவில் வேளைக்குக் கிடைக்கவில்லை. வெற்றி கண்ட இடங்களில் கண்காணிப்புத் தளர்ந்தது. நகரங்களில் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளரும் வேறொரு கொசுவைத் திட்டம் போதிய அளவு கருதவில்லை. கிருமியும் குளோரோகுயினைத் தாங்கக் கற்றது. ஆயினும் காலத்தோடு நடத்திய போட்டியில் நாம் பின்தங்கினோம் என்பதில் ஐயமில்லை. 1977-இல் அரசாங்கம் திட்டத்தைத் திருத்தி அமைத்தது. எஞ்சிய கொசுவோடு வாழ்ந்துகொண்டே நோயை அடக்குவது என்ற அடக்கமான குறிக்கோளுக்குத் திரும்பினோம்.

இனிப் பூசாவுக்கு வருவோம். 1934-இன் பீகார்ப் பூகம்பத்தில் இடிந்துபோன வேளாண்மை நிலையம், தன் பழைய ஊர்ப்பெயரையும் சுமந்துகொண்டு 1936-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. குளிர்காலத் தொடக்கத்தில் தில்லித் தெருக்களில் தள்ளுவண்டியில் வைத்து விற்கும் கொம்புடைய சிங்காடாக் காயை நாம் யாவரும் அறிவோம். குளத்து நீரில் மிதந்து வளரும் அக்கொடியின் இலையைத் தின்பது ஒரு சிறு வண்டு. டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் அவ்வண்டினிடம் தோற்றுப்போனதைப் பூசா நிலையத்தின் பிரதான், ஜோத்வானி, சாரூப் ஆகியோர் 1963-இல் எடுத்துக் கூறினர். பயிர்ப் பூச்சி ஒன்று மருந்தை மீறியதாக இந்தியாவில் வெளிவந்த முதற் செய்தியாக இதனைக் குறிப்பிடுவர். குளத்தில் வண்டுக்கென்று தெளித்த மருந்து வண்டோடு நிற்பதில்லை. அந்நீரில் வளரும் கொசுப் புழுவையும் தொடுகிறது. வயலுக்குத் தெளித்த மருந்தும் அவ்வாறே. உழவன் தன் விளைச்சலைக் காக்கத் தெளிப்பது, சுகாதார இலாகாவின் மருந்தைக் கூர் மழுங்கச் செய்யக்கூடும். இலாபம் ஒருவருக்கு, நட்டம் ஊருக்கு.

இங்கேதான் பொருளாதாரம் முழு வடிவிற் புகுகிறது. 1974-இல் ஹூத், ரெகேவ் என்ற இரு பொருளியலறிஞர், பூச்சி மருந்துக்கு ஆட்படும் தன்மையை நிலக்கரி, எண்ணெய் முதலிய தீரும் செல்வங்களைப்போலவே மதிக்க வேண்டும் என்று கணித முறையிற் காட்டினர். இன்று ஒரு முறை தெளிப்பதன் விலை, மருந்தின் விலையும் கூலியும் மட்டுமன்று. நாளை அம்மருந்து குறைவாகப் பலிப்பதால் வரும் இழப்பையும் சேர்த்ததே மெய்விலை. கடைக்காரன் தரும் சீட்டில் அவ்விழப்பு எழுதப்படுவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் வேண்டியதற்கு மேல் தெளிக்கின்றனர்.

நம் ஊர்களில் ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சிய வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். மேல்மடைக்காரன் தன் வயல் நிறையும் மட்டும் மடையைத் திறந்து வைத்தால், கடைமடைக்காரன் கருகிய பயிரைப் பார்த்து நிற்க வேண்டியதே. பூச்சியின் ஆட்படும் தன்மையும் ஓர் ஏரி. ஆனால் அதற்கு நீர்க்கட்டி இல்லை, முறையும் இல்லை.

முறை வகுக்க முடியுமா? முன் போட்ட கணக்கையே மறுபடி எடுப்போம். கூட்டத்திற் பாதிக்கு மருந்து படாமல் விட்டுவிட்டால், எதிர்ப்பில்லாத பூச்சிகளில் நூற்றுக்கு 75 பிழைக்கும். எதிர்ப்புடையவற்றின் விகிதம் இரட்டிக்காமல் மூன்றில் ஒரு பங்கே கூடும். 17 தலைமுறையில் நேர்வது 40 தலைமுறைக்குத் தள்ளிப்போகும். மருந்துபடாத இவ்விடத்தை அடைக்கலப் பயிர் என்பர். 2002-இல், பூச்சிகொல்லும் புரதத்தைத் தானே சுரக்கும் பி.டி. பருத்திக்கு இந்திய அரசாங்கம் அனுமதி தந்தபோது, வயலின் ஓரத்தில் ஐந்து வரிசையோ, 20 சதவிகிதப் பரப்போ, இரண்டில் எது மிகுதியோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி பயிரிட வேண்டும் என்று விதித்தது. அப்பங்கைப் பூச்சிக்கு விட்டுக் கொடுக்க உழவர் பலர் முன்வரவில்லை. தம் ஒருவர் வயலில் விடுவதால் ஊர் முழுவதும் நன்மை. விடாவிட்டால் தமக்கு மட்டும் இலாபம். இதில் உழவனின் அறியாமையைக் குறை கூறுவதற்கில்லை. அவன் தன் கணக்கைச் சரியாகவே போட்டான். ஊரின் கணக்கைப் போட எவரும் இல்லை. 2010-இல், குஜராத்தின் சில மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்பருத்தியின் முதல் வகையை மீறிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இரண்டாம் வகையும் தோற்றது.

ஒன்றை மட்டும் இங்கே மறத்தலாகாது. வயலில் அடைக்கலம் விடலாம். காய்ச்சலால் குழந்தைகள் மடியும் ஊரில் பாதி வீடுகளுக்கு மருந்து இல்லை என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? எனவே உயிர் காக்கும் பணிக்கு மருந்தைச் சேமிக்க வேண்டுமானால், பிற இடங்களில் அதன் செலவைச் சுருக்க வேண்டும். 1989-இல் இந்தியா பயிருக்கு டி.டி.டி. தெளிப்பதைத் தடைசெய்து, நோய்த் தடுப்புக்கு மட்டும் அதனை ஒதுக்கியது. நிலைத்து நிற்கும் நச்சுப் பொருள்களைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006-இல் ஏற்றபோதும் இந்த ஒதுக்கீட்டைக் காத்துக்கொண்டது. நஜஃப்கட் சாலை ஆலை இப்போது இல்லை. மலேரியாவும் பெரிதும் தணிந்துள்ளது. 2023-இல் பதிவானோர் 2 இலட்சத்துச் சொச்சம். 2030-க்குள் அதனை நாட்டிலிருந்து நீக்குவது அரசாங்கத்தின் குறிக்கோள். இம்முறை ஒரே மருந்தை நம்பாமல், மருந்து தோய்த்த கொசுவலை, விரைந்த இரத்தப் பரிசோதனை, உரிய சிகிச்சை, நீர் தேங்காமற் காத்தல் என்று பல கருவிகளைக் கையாளுகிறோம்.

பூசாவிற் சிங்காடா வண்டைக் கண்ட அதே பிரதான், 1962-இல் வெட்டுக்கிளிப் படையெடுப்பின்போது, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தீண்டாது விலகுவதைக் கண்டார். கொல்வதொன்றே காவலன்று என்பதற்கு அஃது ஒரு குறிப்பு. தில்லியின் வீடுகளிலும் இக்குறிப்புக்கு இடமுண்டு. கோடையில் இயங்கும் கூலரின் தொட்டியையும், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடியையும், பூந்தொட்டியின் அடித்தட்டையும் வாரம் ஒருமுறை கவனித்து, நீரை இறைத்துத் தேய்த்துக் கழுவினால், முட்டையிலிருந்து வெளிவந்த புழு கொசுவாவதில்லை. மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட கொசு உண்டு. நீரில்லாமல் வளரக் கற்ற கொசுப் புழு இல்லை. அவ்வாறு நாம் தெளிக்காமல் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு துளி மருந்தும், எங்கோ ஒரு காட்டோரச் சிற்றூரில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தைக்கு உரிய பங்காகும்.